ஐயா இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எண்ணூரில் அலையாத்தி மரம் வளர்க்கும் எங்கள் சின்ன அறக்கட்டளையைத் தொடங்கி நடத்திவந்த ஐயா போன புரட்டாசியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அறக்கட்டளையின் காசோலைப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். நாற்றங்காலுக்குப் பாலிதீன் பை வாங்க வேண்டும். நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். படகு வாடகை வேறு பாக்கி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். "சார், இந்தக் கணக்குல கையெழுத்து போடுற அதிகாரம் இவர் ஒருத்தருக்குத்தான் இருக்கு. இனிமே யார் போடுவாங்கன்னு தீர்மானம் எழுதிக் கொண்டுவாங்க. அதுவரைக்கும் எடுக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, விதி அப்படித்தான். கணக்கில் 4 லட்சத்துச் சொச்சம் இருந்தது. ஊர்க்காரர்கள் நூறும் ஐந்நூறுமாகக் கொடுத்த பணம். அதில் ஒரு ரூபாயை எடுக்க எங்களில் ஒருவருக்கும் வழியில்லை.

24 வருடமாக அந்த அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீடு திருவொற்றியூர். ஒற்றைக் கையெழுத்தில்தான் கணக்கு நடக்கிறது என்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. "ஐயா, உங்களுக்கு அப்புறம் யார்?" என்று ஒருநாள் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் சாவைப் பேசுவதுபோல் ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இதே தயக்கத்தோடு சென்னையில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்து, புருஷனும் பெண்சாதியுமாக மரத்தையோ ஏரியையோ ஆமையையோ காப்பாற்றிவரும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நம் ஊரில் நிறைய.

ஐயா அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். அவரும், நாங்கள் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவியும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி வளர்க்கத் தொடங்கினார்கள். கொசஸ்தலையாறு கடலோடு சேரும் இடம் அது. பக்கிங்காம் கால்வாயும் அங்கேதான் வந்து கலக்கிறது. ஒருபக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், ஒருபக்கம் துறைமுகம், நடுவில் மிச்சமிருக்கும் சேற்றுத் திட்டுகளில் வெண்கண்டல், அலையாத்தியில் ஒரு வகை. மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டுவைத்த மாதிரி நிற்கும். அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. கண்டல் போனால் இறால் போகும், இறால் போனால் குப்பத்தில் அடுப்பு எரியாது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முகத்துவாரக் குப்பத்துப் பெரியவர்கள் ஐயாவிடம் சொன்னதும், ஐயா எங்களிடம் சொன்னதும் இதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் கறுத்துப்போய் நின்ற படங்களை நீங்களும் வெளியிட்டிருப்பீர்கள். எங்கள் நாற்றங்காலில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. ஐயாவுக்கு அப்போதே 77 வயது. பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு கன்றின் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "விடுங்க ஐயா, புதுசா வளத்துக்கலாம்" என்று சொன்னேன். "இது பொழைக்கும்" என்றார். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பிழைத்தவை இன்று என் தோள் உயரம்.

சரி, வங்கிக்கு வருகிறேன். பணம் நின்றுபோன நேரம் எது தெரியுமா? மழைக்காலம். வெண்கண்டல் விதை பழுத்து உதிர்வது அப்போதுதான். பச்சை மொச்சையைக் கொஞ்சம் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். பொறுக்கிக்கொண்டு வந்து அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டும். ஒரு நாள் போனால் மேல்தோல் தானே கழன்று மிதக்கும். உள்ளே மடித்துவைத்த இரண்டு பருப்பு, அதன் நுனியில் முடி முடியாக வேர் புறப்படத் தயாராக இருக்கும். அதற்கப்புறம் அதைக் காக்கவைக்க முடியாது. கழிமுகத்துச் சேற்றை நிரப்பிய பையில் உடனே ஊன்ற வேண்டும். பை இல்லை. பை வாங்கக் கையெழுத்து இல்லை. என் பென்ஷன் பணத்தில் 18,000 ரூபாய் போட்டேன். அம்மா தன் பங்குக்குக் கொடுத்தார். அக்கா இரண்டரை மாதம் சம்பளமில்லாமல் வந்தார்.

அக்கா யார் என்று சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. 17 வருடமாக நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறார். அமாவாசைக்குக் கடல் ஏற்றம் எதுவரை வரும், எந்தத் திட்டில் ஆடு மேயும், எங்கே கொட்டலசு (கல்லிலும் மரத்திலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிர்) ஒட்டிக் கன்றைச் சாகடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் இரண்டாவதோடு நின்றுபோனது. அறக்கட்டளைப் பத்திரத்தில் எந்த மூலையிலும் அவர் பெயர் இல்லை.

அந்தப் பத்திரத்தைக் காரியம் முடிந்த பிறகுதான் முதல்முறையாக முழுக்கப் படித்தேன். 6 பக்கம். நிர்வாக அறங்காவலர் ஆயுள் முழுக்க ஐயா. அவருக்குப் பின் "அவர் எழுத்து மூலம் நியமிப்பவர்". எழுத்து மூலம் அவர் யாரையும் நியமிக்கவில்லை. அறங்காவலர்கள் மூன்று பேர்: ஐயா, அம்மா, அம்மாவின் அண்ணன். அண்ணன் 2011-லேயே இறந்துவிட்டார், அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. நல்லவேளையாக, காலியிடத்தை எஞ்சியிருக்கும் அறங்காவலர் நிரப்பலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் போயிருந்தால், பொது அறக்கட்டளைக்கு ஆள் நியமிக்கக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். அதற்கும் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டுமாம். கண்டல் விதை அதுவரைக்கும் குண்டானில் ஊறிக்கொண்டிருக்குமா?

முப்பதாம் நாள் கழித்து அம்மா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஐயாவின் மகன் வெளிநாட்டில், போனில் வந்தார். மகள் அம்பத்தூரில் பள்ளி ஆசிரியை, நேரில் வந்திருந்தார். ஐயாவின் தம்பி மகனும் வந்தார். ஐயாவின் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை. மகன், இதை யாராவது பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். அவர் மனசில் கெட்ட எண்ணமில்லை, தூரத்தில் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். தம்பி மகன், "பெரியப்பா பேர் நிக்கணும், நானே தலைவரா இருக்கேன்" என்றார். மாதம் ஒரு தொகையும் வண்டிச் செலவும் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆடிட்டர் அவருக்கு மெதுவாக விளக்கினார். அறக்கட்டளையை நிறுவியவருக்கோ அவருடைய சொந்தக்காரருக்கோ அதன் பணத்திலிருந்து தகாத பலன் போனால் அந்தப் பணத்துக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் கொடுக்கலாம், பெயரைச் சுமப்பதற்குக் கொடுக்க முடியாது. தம்பி மகன் அப்புறம் அதிகம் பேசவில்லை.

அப்போதுதான் நான் கவனித்தேன். அக்கா வாசற்படி ஓரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக நின்றிருக்கிறார். உட்காருங்கள் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை, நான் உள்பட. அந்த ஒரு மணி நேரமும் கழிமுகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கூடத்தில் இருந்தவர்களில் அதற்கு முந்தின நாள் கழிமுகத்தில் கால் வைத்தவர் அவர் மட்டுமே. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

மகள் கடைசியாகப் பேசினார். "நான் பார்த்துக்கறேன். ஆனா எனக்கு எதுவும் தெரியாது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ஐயா விட்டுப்போனது 21 நீள நோட்டு. எந்த மாதம், எந்தத் திட்டில், எத்தனை கன்று, எத்தனை பிழைத்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இடப்பெயரெல்லாம் அவருக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்து. "சி.ப. 340. ஆ.வி.மே. 115." இதை வைத்து என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் நாற்றங்கால் கொட்டகையில் நோட்டுகளோடு உட்கார்ந்தோம். நான் எழுத்தை வாசிக்க, அக்கா பையில் சேறு நிரப்பிக்கொண்டே பதில் சொன்னார். சி.ப. என்றால் சின்னப் பள்ளம். வ.க. என்றால் வடக்குக் கரை. ஆ.வி.மே. என்றதும் கை நின்றது. சிரித்துவிட்டார். "எங்க ஆயா விழுந்த மேடு அண்ணே அது. நண்டு புடிக்கப் போய் வழுக்கி விழுந்துச்சு. ஐயாகிட்ட நான்தான் சொன்னேன். எழுதி வெச்சிருக்காரா?" கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் ஒரு புது நோட்டில் முழுப் பெயராக எழுதிக்கொண்டார். நான்கு ஞாயிறு ஆனது. ஐயாவின் எழுத்தும் அக்காவின் ஞாபகமும் தனித்தனியாக இருந்திருந்தால் ஒன்றுக்கும் உதவியிருக்காது. அக்காவுக்கும் ஏதாவது ஆகியிருந்தால் அந்த 21 நோட்டும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும்.

வீட்டுப் பிள்ளைகள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் அவர் தொடங்கியது. பிச்சாவரத்தில் அவர்கள் செய்த அலையாத்தி வேலையைத்தான் எங்கள் ஐயா பார்த்துக் கற்றுக்கொண்டார். முன்காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டியதால் தரை தொட்டி மாதிரி குழிந்து, உள்ளே வந்த கடல்தண்ணீர் திரும்பிப் போகாமல் தேங்கி, வெயிலில் உப்பு ஏறிக் கன்று பிடிக்காமல் போனது. மீன்முள் மாதிரி ஒரு நடு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஏற்றத்தில் தண்ணீர் வரவும் வற்றத்தில் போகவும் வழி செய்தார்கள். அதே முறையில் நாங்களும் சின்னதாக இரண்டு வாய்க்கால் வெட்டினோம். 2023 செப்டம்பர் 28-ல் சுவாமிநாதன் தன் 98-வது வயதில் மறைந்தார். அதற்கு முன்பே, அவர் கண் முன்னாலேயே, தலைவர் பொறுப்பு மகள் மதுராவிடமும் பிறகு இன்னொரு மகள் சௌமியாவிடமும் போய்விட்டது. அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் இயக்குநர்களாகக் குடும்பத்தைச் சேராத விஞ்ஞானிகள் இருந்தார்கள். பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள் என்பதைவிட, கொடுத்தவர் இருக்கும்போதே ஏற்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரியாததைக் கேட்க ஆள் இருந்தார்.

கென்யாவில் தாய் இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் கதையை ஐயாவே எங்களுக்குச் சொல்லுவார். கணவர் டேவிட் 1977-ல் இறந்ததும் அவர் நினைவாக டாஃப்னி தொடங்கியது அது. டாஃப்னி 2018-ல் இறந்தார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே மகள் ஏஞ்சலா நடத்த ஆரம்பித்துவிட்டார். சேற்றுக் காலோடு கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே ஐயா இதைச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்போதாவது "நீங்க எப்போ ஐயா?" என்று கேட்டிருக்கலாம்.

எங்கள் வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களிடம் "பாடு" என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் விழும் இடத்தை எந்தக் குடும்பமும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வலை போட வேண்டும். இன்று உனக்கு, அடுத்தது எனக்கு. அந்த முறையில் குறையும் இருக்கிறது. பெண்களுக்கு அதில் பங்கில்லை, இருளர்களுக்கும் இல்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு நாள்முழுக்கத் தண்ணீரில் கிடப்பவர்கள் அவர்கள்தான். அந்தக் குறையை விட்டுவிட்டு, முறை மாறும் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா 74 வயதில் வங்கிப் படிவத்தை முதல்முறையாக நிரப்பக் கற்றுக்கொண்டிருந்தார். "அக்காவைப் போடு தம்பி, முதல்ல அவளைப் போடு" என்றார்.

இப்போது அறங்காவலர்கள் 5 பேர். அம்மா, மகள், அக்கா, குப்பத்துப் பஞ்சாயத்திலிருந்து ஒரு பெரியவர், ஐயாவிடம் படித்து இப்போது கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர். யாருக்கும் ஆயுள் பதவி கிடையாது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று தீர்மானம். காசோலைக்கு அம்மா, மகள், அக்கா மூவரில் இருவர் கையெழுத்து. என்னையும் சேரச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். கணக்கு எழுதுகிறவனும் பணம் எடுக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதற்குப் பதில், என் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணைக் கேட்டேன். குப்பத்துப் பிள்ளை, பி.காம். இரண்டாம் வருடம். சனிக்கிழமை தோறும் வருகிறாள். வனத்துறை அனுமதிக் கடிதமும் ஐயா பெயரில்தான் இருந்தது, அதை அறக்கட்டளை பெயருக்கு மாற்றி எழுதிக் கேட்டிருக்கிறோம்.

மகள் ஞாயிறு தோறும் அம்பத்தூரில் ரயில் ஏறி, பேசின்பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி எண்ணூர் வந்து இறங்குகிறார். முதல் இரண்டு மாதம் எதையும் மாற்ற வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். சீமைக்கருவேலத்தை வெட்டிய இடத்தில் உடனே நடலாமே என்றார் ஒருநாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தச் சேற்றைக் கொஞ்சம் எடுத்து அவர் கையில் வைத்தார். காய்ந்து பொரபொரவென்று உதிர்ந்தது. ஏற்றத் தண்ணீர் அங்கே வரவில்லை என்று அவருக்கே புரிந்தது. வாய்க்கால் வெட்டிய பிறகு நடலாம் என்று நோட்டில் எழுதினார், தேதி போட்டு, இடத்தின் முழுப் பெயரோடு.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வீடுகளில் இப்படி ஒரு ஐயாவோ அம்மாவோ இருந்தால், அவர்கள் நலமாக இருக்கும் இந்த வாரத்திலேயே பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். அடுத்த ஆள் யார் என்று அதில் எழுதியிருக்கிறதா, வங்கியில் இன்னொரு கையெழுத்து இருக்கிறதா, வேலை தெரிந்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அவர்கள் மனம் வருந்தும் என்று நான் பயந்தேன். ஐயா அப்படிப்பட்டவர் இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பார்.

வங்கிக் கணக்கு தை மாதத்தில் திறந்தது. முதல் காசோலை அக்காவின் சம்பளப் பாக்கிக்கு. மூவரில் எந்த இருவர் போட்டாலும் போதும், அக்கா பக்கத்திலேயே இருந்தார், பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "என் சம்பளத்துக்கு நானே போடறது சரியா இருக்காது அண்ணே" என்று அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மாவும் மகளும் போட்டார்கள். அடுத்தது படகு வாடகைக் காசோலை. அதற்கு அக்கா போட்டார், எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர்,
திருவொற்றியூர், சென்னை